சாச்சியின் கை ஏன் மரத்தது?

சத்திரசிகிச்சை முடிந்து சாச்சியை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாலை, அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, ஒனக்கிட்ட ஒன்று கேக்கணும். டொக்டர் வெட்டினது மார்புலதானே? கையில கத்தி படல்லியே? அப்ப இந்தக் கை உள்பக்கம் ஏன் மரக்கட்ட மாதிரி இரிக்கி?"

நான் அப்போது மருத்துவ பீடத்துக்குச் சென்று நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான் "டொக்டர் புள்ள". எனக்கோ தெரிந்தது உயர்தர உயிரியலும், உடற்கூற்றியலில் சில வாரப் பாடமும் மட்டும்தான். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து அவரது வலது கையை மெல்லத் தடவிப் பார்த்தேன். முன்கையில் தெரிகிறது என்றார். மேற்கையின் வெளிப்பக்கம் தெரிகிறது. அக்குளுக்குக் கீழே, மேற்கையின் உட்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குக் காரணம் தெரியவில்லை. "சரியாகிவிடும் சாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைப் பாரிசவாதத்தின் தொடக்கம் என்று நினைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் சொன்னார் என்று, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அந்த இடத்தில் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியுமா? மறுநாள் காலை பார்த்தால் மூன்று கொப்புளங்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அந்தக் கொப்புளங்கள்தான். "எழுது, பேரப் போடாத" என்று சாச்சி அனுமதி தந்திருக்கிறார். நான் இக்கல்லூரியில் படித்த காலத்தில் இம்மலருக்குக் கவிதைகள் எழுதியவள். இம்முறை ஒரு நெஞ்சுச் சுவரைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சை நாம் ஒரு பெட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கூடை. முதுகில் முள்ளந்தண்டு, முன்னால் மார்புப்பட்டை என்ற தட்டையான என்பு, இரண்டையும் இணைத்து வளைந்து வரும் பன்னிரண்டு சோடி விலா என்புகள். மேலுள்ள ஏழு சோடிகள் தம் சொந்தக் கசியிழையத்தால் மார்புப்பட்டையைத் தொடுகின்றன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை தமக்கு மேலுள்ளதன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கின்றன. கடைசி இரண்டும் முன்னால் எதையும் தொடாமல் தசைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் 'பழுவிடைத் தசை' என்று படித்து, அது என்ன பழு என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. பழு என்றாலும் விலா என்றாலும் ஒன்றுதான்.

ஒரு வாளியின் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அதைத் தூக்கினால், மேலே வருவதோடு வெளிப்பக்கமாகவும் நகர்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போது நடுவிலுள்ள விலாக்கள் அப்படித்தான் அசைகின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் பக்கங்களில் வைத்து ஆழமாக மூச்செடுத்துப் பாருங்கள்; கைகள் வெளியே தள்ளப்படும். ஆனால் அமைதியாக இருக்கும்போது மூச்சின் பெரும் வேலையைச் செய்வது விலாக்கள் அல்ல, கூடையின் அடியில் குடை போல் விரிந்திருக்கும் பிரிமென்றகடு. அதற்குரிய நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சு முழுவதையும் கடந்து இறங்கி வருகிறது. கருவில் பிரிமென்றகடு கழுத்துப் பக்கத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. பிறகு கீழே இறங்கும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் பிரிமென்றகட்டுக்குக் கீழே ஒரு சீழ்க்கட்டி வந்தால் நோயாளி தோளில் வலிக்கிறது என்பார்.

விலாக்களுக்கு இடையில் பக்கத்துக்குப் பதினொரு இடைவெளிகள். ஒவ்வொன்றையும் மூன்று அடுக்குத் தசைகள் மூடியிருக்கின்றன. வெளி அடுக்கின் நார்கள் கீழ்நோக்கி முன்னால் சரிகின்றன. சட்டைப் பைக்குள் கை விட்டால் விரல்கள் எந்தப் பக்கம் நீளுமோ அந்தச் சரிவு. அதற்கு உள்ளே இருக்கும் அடுக்கு அதற்குக் குறுக்காக, கீழ்நோக்கிப் பின்னால் சரிகிறது. பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள் ஓலையைக் குறுக்கும் மறுக்குமாக ஏன் விடுகிறார்களோ, அதே காரணம்: ஒரு பக்கச் சரிவு மட்டும் இருந்தால் சுவர் உறுதியாக நிற்காது. மூன்றாவது அடுக்கு மிக மெல்லியது, எல்லா இடத்திலும் இருப்பதுமில்லை. ஆனால் அதை விட்டுவிட முடியாது. ஏனென்றால் இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவில்தான் அந்தக் கட்டு போகிறது.

ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் உட்பக்கமாக ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் மேலிருந்து கீழாக நாளம், நாடி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. வீட்டுக் கூரைக்குக் கீழே வயரையும் குழாயையும் மறைத்துக் கொண்டுபோவது போல. நாளமும் நாடியும் என்பின் நிழலில் நன்றாக ஒதுங்கியிருக்க, நரம்பு மட்டும் சற்றுக் கீழே இறங்கி வெளியே தெரிகிறது.

இந்த வரிசையை மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வதில்லை, ஊசிக்காகச் செய்கிறார்கள். சாச்சியின் அடுத்த கட்டிலில் இருந்த ஒரு வயதான பெண்ணுக்குச் சுவாசப்பையைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. டொக்டர் அவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, முதுகில் விரலால் நெடுநேரம் தடவிப் பார்த்து, பிறகுதான் ஊசியை ஏற்றினாராம். "எதைத்தான் அப்பிடித் தேடினாரோ" என்று சாச்சி ஆச்சரியப்பட்டார். அவர் தேடியது இடைவெளியின் கீழேயுள்ள விலாவின் மேல் விளிம்பை. ஊசியை மேலேயுள்ள விலாவுக்குக் கீழே ஏற்றினால் நாடியைக் குத்திவிடலாம். நெஞ்சுக்குள் இரத்தம் கசியும். கீழேயுள்ள விலாவின் தலைமேல் ஒட்டி ஏற்றினால் அங்கே சிறு கிளைகள் மட்டுமே உண்டு. ஒரு விரல் அகலமும் இல்லாத இடைவெளிக்குள்ளேயே பாதுகாப்பான பக்கமும் ஆபத்தான பக்கமும் இருக்கின்றன.

இரத்தக் கலன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு நரம்பின்மேல்தான் ஆசை. ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு பக்கத்திலிருந்து இரத்தம் வருகிறது. பின்னாலிருந்து பெரும்பாலும் பெருநாடியின் கிளைகள். முன்னாலிருந்து மார்புப்பட்டையின் ஓரத்துக்கு ஒரு விரல் தள்ளி உட்பக்கமாக இறங்கும் உள்நெஞ்சு நாடியின் கிளைகள். இரண்டும் நடுவழியில் சந்தித்துக் கைகோத்துக்கொள்கின்றன. பெருநாடி பிறப்பிலேயே ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் பிள்ளைகளில் இரத்தம் இந்தக் குறுக்குப் பாதையால் எதிர்த்திசையில் ஓடி உடலின் கீழ்ப்பகுதியைக் காப்பாற்றும். அப்போது தடித்து நெளியும் நாடிகள் விலாவின் கீழ் விளிம்பை அரித்து வைத்த தடயம் எக்ஸ்ரேயில் தெரியும். இதய பைபாஸ் சத்திரசிகிச்சையில் காலிலிருந்து நாளம் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இடப்பக்க உள்நெஞ்சு நாடியையும் கழற்றி இதயத்தில் பொருத்துவார்கள். அது நாளத்தைவிட நீண்டகாலம் அடைபடாமல் இருக்கிறது. நெஞ்சுச் சுவரோ பின்பக்க வழியை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது.

இனி நரம்பு. முண்ணாணிலிருந்து ஒவ்வொரு படியிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் புறப்படும் நரம்பு, தன் விலாவின் பள்ளத்துக்குள் புகுந்து, நெஞ்சைச் சுற்றி, முன்னால் நடுக்கோட்டில் முடிகிறது. வழியில் அக்குளுக்கு நேர்கீழே ஒரு கிளையும் மார்புப்பட்டையின் ஓரத்தில் ஒரு கிளையும் தோலுக்கு வருகின்றன. ஆகவே நம் உடலின் தோல், கண்ணுக்குத் தெரியாத பட்டிகளால் சுற்றப்பட்டிருக்கிறது. ஏழாவதிலிருந்து பதினோராவது வரையான நரம்புகள் விலாக்கள் முடிந்த பின்பும் நிற்காமல் வயிற்றுச் சுவருக்குப் போய்விடுகின்றன. பத்தாவது நரம்பு தொப்புளின் உயரத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ, டொக்டர் வயிற்றை விட்டுவிட்டு நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பதைத் தாய்மார் பார்த்திருப்பீர்கள். சுவாசப்பையின் அடியில் நியூமோனியா வந்தால், அதே நரம்புகளின் வழியாக வலி வயிற்றில் தெரியலாம்.

மூத்தம்மாவுக்கு அக்கி வந்தபோது நான் பத்தாம் ஆண்டு. முதுகில் தொடங்கி இடது மார்புக்குக் கீழே வரை ஒரு பட்டியாகக் கொப்புளங்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சல் வந்து, இதயம் என்று பயந்து எல்லோரும் ஓடினோம். "அக்கி பாம்பு மாதிரி, தலையும் வாலும் சந்திச்சா ஆள் மிஞ்சாது" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மூத்தம்மா ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பார் என்பார். நான் ஸ்கூல் அளவுகோலை வைத்து அளந்து சொல்வேன். அது நடுக்கோட்டில் வந்து நின்றுவிட்டது. இன்று காரணம் தெரிகிறது. சிறுவயதில் வந்த கொப்புளிப்பானின் வைரசு, முண்ணாணுக்குப் பக்கத்திலுள்ள நரம்பு முடிச்சுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக்கிடந்து, உடல் தளர்ந்த வேளையில் விழித்து, தன் நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு நடுக்கோட்டில் முடிவதால் அக்கியும் அங்கேயே முடிகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வருவது மிக அரிது. இதை அன்று யாராவது மூத்தம்மாவுக்குச் சொல்லியிருந்தால், அந்த இரண்டு வாரம் அவர் தூங்கியிருப்பார்.

சாச்சியின் கைக்கு வருகிறேன்.

உடற்கூற்றியல் அறையில் முதல் நாள் எங்களை அமைதியாக நிற்கச் சொன்னார்கள். மேசையில் இருந்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தான் இறந்த பின் யாரோ சில பிள்ளைகள் படிக்கட்டும் என்று தன் உடலை எழுதிக் கொடுத்த ஒருவர். சாச்சி கேட்ட கேள்விக்குச் சில வாரங்களுக்குப் பின், எங்கள் குழு அக்குளைப் பிரிக்கத் தொடங்கியது. அது ஒரு கூம்பு வடிவ அறை. முன் சுவர் பெருமார்புத் தசையும் அதற்குள்ளே சிறுமார்புத் தசையும். பின் சுவரில் முதுகின் அகன்ற தசை. உள் சுவர் விலாக்களும் அவற்றின்மேல் ஒட்டிய முன்வாள் தசையும். அதற்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தம்: மேல் எட்டு விலாக்களிலிருந்து மரம் அரியும் வாளின் பற்களைப் போல் புறப்பட்டு, பின்னால் போய்த் தோட்பட்டை என்பின் உள்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தையை அணைக்கும்போது வேலை செய்வது பெருமார்புத் தசை. கிணற்றில் வாளி இழுக்கும்போது முதுகின் அகன்ற தசை. இறுகிப்போன கதவைத் தள்ளும்போது முன்வாள் தசை.

இந்த அறை முழுவதும் கொழுப்பு. கொழுப்புக்குள் நிணநீர்க் கணுக்கள், பயற்றம் விதை போல. நான் சிறிய கத்தரியால் கொழுப்பைத் துப்புரவாக்கிக்கொண்டு போனேன். ஏதோ ஒரு வெள்ளை இழை, சேமியா நூல் அளவு தடிப்பம், நெஞ்சுச் சுவரிலிருந்து புறப்பட்டுக் கொழுப்புக்குக் குறுக்கே கையை நோக்கிப் போனது. இணைப்பிழையம் என்று நினைத்து வெட்டிவிட்டேன்.

எங்கள் விரிவுரையாளர் குனிந்து பார்த்து, இரண்டு நுனிகளையும் இடுக்கியால் தூக்கிச் சேர்த்துக் காட்டினார். "இது எங்கிருந்து வருகிறது, பாருங்கள்." இரண்டாவது பழுவிடை நரம்பின் பக்கக் கிளை. மற்றப் பழுவிடை நரம்புகளின் பக்கக் கிளைகள் நெஞ்சின் தோலோடு நின்றுவிட, இது மட்டும் வேலி தாண்டி அக்குளைக் கடந்து மேற்கையின் உட்பக்கத் தோலுக்குப் போகிறது. பழுவிடைப் புய நரம்பு. "கணுக்களின் நடுவாலேயே போவதால், கணுக்களை எடுக்கும்போது பல வேளைகளில் இதைக் காப்பாற்ற முடிவதில்லை. வெட்டுப்பட்டால் நோயாளிக்கு..." அவர் முடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்: "கையின் உட்பக்கம் மரத்துப்போகும்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். யாரோ அறியாதவரின் உடலில் நான் செய்த ஒரு பிழையில் என் சாச்சியின் கேள்விக்கு விடை கிடைத்திருந்தது.

இதே நரம்பின் இனத்தாரால்தான் மாரடைப்பின் வலி இடது கையின் உட்பக்கத்தில் தெரிகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதயத்தின் வலியைக் கொண்டுபோகும் நார்கள் முண்ணாணில் நுழையும் படிகளும், கையின் உட்பக்கத்துக்கும் மேல் நெஞ்சுக்கும் உரிய நரம்புகள் நுழையும் படிகளும் ஒன்றே. ஒரே வாசலால் இரண்டு வீட்டுச் செய்தி வந்தால் மூளை தோலையே குற்றம் சொல்கிறது. அதற்குத் தோலைத்தான் பழக்கம். ஆகவே நெஞ்சு அழுத்தத்தோடு கையும் உளைந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய், சாச்சியின் கையில் பேனையால் அந்த நரம்பின் பாதையை வரைந்து காட்டினேன். நெஞ்சில் இரண்டாவது இடைவெளியில் தொடங்கி, அக்குள் வழியாக, முழங்கைக்குச் சற்று மேல் வரை. பிறகு பஞ்சால் தொட்டுத் தொட்டு, மரத்த இடத்தின் எல்லையைப் புள்ளிகளால் குறித்தேன். சாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோடு சரியாக அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் போயிற்று.

"அப்ப இது வாதம் இல்ல."

"இல்ல சாச்சி. வாதம் என்றால் விரலெல்லாம் பலமிழக்கும். இது தோலுக்குப் போற நரம்பு மட்டும். தசைக்கு இதுல ஒரு வேலையுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "மூணு மாசமா மௌத்தப் பயந்ததவிட இந்தக் கையத்தான் பயந்தேன்" என்றார்.

பிறகு அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் சுவரைத் தள்ளச் சொன்னேன். முன்வாள் தசையின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி, அந்தத் தசையின் வெளிப்பரப்பிலேயே போர்வை ஏதுமின்றி ஓடுகிறது. அது வெட்டுப்பட்டிருந்தால் தள்ளும்போது தோட்பட்டை என்பு பறவையின் சிறகு போல் முதுகிலிருந்து எழும்பும். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சாச்சியின் தோட்பட்டை அசையாமல் இருந்தது. அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் காக்க வேண்டிய நரம்பைக் கண்டுபிடித்துக் காத்திருக்கிறார். விட்டுக்கொடுத்தது சிறியதை. அதை இரண்டு வசனத்தில் முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்னும் உண்டு. வாட்டில் எத்தனை பேர், டொக்டர்மார் எத்தனை பேர் என்பதையும் இப்போது பார்க்கிறேன். என்றாலும் அந்தக் குறை போகவில்லை.

"மார்புத் தசையையும் எடுத்துட்டாங்களா?" என்று சாச்சி கேட்டார். இல்லை. ஆனால் ஒரு காலத்தில் எடுத்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மார்பகம், பெருமார்புத் தசை, அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அகற்றும் முறையைப் பற்றி 1894இல் எழுதினார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகமெங்கும் அதுவே வழக்கம். விலாக்கள் தோலுக்குக் கீழே தெரியும்; கை வீங்கித் தொங்கும். இலண்டனில் டேவிட் பேட்டி 1948இல் பெருமார்புத் தசையை விட்டுவைக்கும் முறையை வெளியிட்டார். 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் தொடங்கிய ஒப்பீட்டு ஆய்வு, தசையோடு எடுத்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்பதைக் காட்டியது. சாச்சி இன்று குழந்தையை அணைக்க முடிவதற்குப் பின்னால் இத்தனை பேரின் வாழ்வு இருக்கிறது.

இது இலக்கிய மலர் என்பதால் இன்னொருவரையும் சொல்ல விரும்புகிறேன். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை. 1811 செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸில், நெப்போலியனின் படை மருத்துவர் லாரே தலைமையில் அவருடைய வலது மார்பகம் அகற்றப்பட்டது. மயக்க மருந்து என்ற ஒன்று வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. நான் மேலே சொன்ன அத்தனை பழுவிடை நரம்புகளும் முழு விழிப்போடு இருந்தன. மாதங்கள் கழித்து அவர் தன் சகோதரிக்கு நீண்ட கடிதமொன்றில் அதை எழுதினார். தன் எழுத்தைத் திரும்பிப் படிக்கவும் அவரால் முடியவில்லை. 1840 வரை, எண்பத்தேழு வயதுவரை வாழ்ந்தார்.

தாய்மாருக்கு ஒன்று. சாச்சி அந்தக் கட்டியை எட்டு மாதம் மறைத்திருந்தார். கேட்டால், "வலிக்கல்லியே" என்றார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். மார்பகத்தைத் தோலோடும் உள்ளேயுள்ள உறையோடும் கட்டி வைத்திருக்கும் மெல்லிய நார்கள் உண்டு. கட்டி வளர்ந்து அந்த நார்களை இழுக்கும்போது தோலில் ஒரு குழி விழும். கண்ணாடி முன் நின்று கைகளை உயர்த்தும்போது அது தெரியலாம். மார்பகம் பெருமார்புத் தசையின்மேல் வழுக்கி அசையும்படிதான் இருக்கிறது. இடுப்பில் கைகளை ஊன்றி அழுத்தினால் தசை இறுகும். அப்போதும் கட்டி அசைகிறதா, தசையோடு ஒட்டிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே டொக்டர் அப்படி நிற்கச் சொல்கிறார். மார்பகத்தின் நிணநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அக்குளுக்குப் போவதால்தான் அக்குளையும் அழுத்திப் பார்க்கிறார். வெட்கப்பட வைப்பதற்கு அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று விரலால் தடவி வீட்டில் முடிவு செய்ய முடியாது. மாதவிடாய்க்கு முன் இரு பக்கமும் வரும் கனமும் வலியும் வேறு விடயம். தங்கைகள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நரம்பு வெட்டுப்பட்ட கைக்குச் சூடும் வெட்டும் தெரியாது. கணுக்கள் எடுக்கப்பட்ட கைக்குக் காயம் எளிதில் பழுக்கும். இரண்டும் சேர்ந்த கைக்கு ஒத்தடம் கொடுக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும். சாச்சி அடுப்படியில் அந்தக் கைக்கு நீளச் சட்டை போட்டுக்கொள்கிறார். சீனிப் போத்தலைக் கொண்டு வந்து கீழ்த்தட்டில் வைத்தவர் மாமா. சாச்சி மறுபடி மேல்தட்டிலேயே வைத்துவிட்டார், எட்டி எடுப்பதும் பயிற்சிதான் என்று. இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி விரல்களைச் சுவரில் எறும்பு போல் ஏற்றுகிறார். ஏறிய உயரத்தைப் பென்சிலால் குறிக்கிறார். அறைச் சுவரில், பிள்ளைகளின் உயரம் குறித்த பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் இருக்கின்றன.

தக்பீருக்கு இரண்டு கைகளும் ஒரே உயரத்துக்கு வரத் தொடங்கிய வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தைதான். மீதி நேரமெல்லாம் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் கதை. அவருக்கும் கை மரத்திருக்கிறதாம். "நீ வரைஞ்ச மாதிரி நானும் பேனையால வரைஞ்சு காட்டினேன். ரெண்டாவது இடைவெளிதானே புள்ள? நான் மூணாவதுல தொடங்கிட்டேனோ என்று ஒரு பயம்."